சிறு குன்றும் ஏறத் தக்கதே

காஞ்சிமாநகரம் சமவெளியில் அமைந்த ஊர். அங்கே வான்நோக்கி உயர்ந்து நிற்பவை கோபுரங்களே, மலைகள் அல்ல. ஏகாம்பரநாதர் கோயிலின் இராச கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்கள், உயரம் என்பது மனிதன் கட்டி எழுப்புவது என்றே எண்ணிக் கொள்கின்றன. ஆயினும் ஊருக்குள்ளே மலை என்று பெயர் பெற்றது ஒன்று உண்டு. வரதராசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அத்திகிரியே அது. 24 படிகள் ஏறினால் அம்மலையின் உச்சி வந்துவிடும். கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார் ஏறுகிறார்கள். முதுமையால் தளர்ந்த மூதாட்டியர் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். இருப்பினும் காஞ்சி மக்கள் அதனைக் குறைத்துப் பேசுவதில்லை. மலை என்றே சொல்லிக் கைகுவிக்கின்றனர்.

இருபத்து நான்கு படிகளுக்கு இத்துணைப் பெருமை தரத் தெரிந்த நாம், ஊருக்கு வெளியே இயற்கை எழுப்பி வைத்திருக்கும் சிறு குன்றுகளை ஏன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை? இதுவே என் வினா.

பள்ளிச் சிறுவர் சிலரிடம், "நீங்கள் ஏற விரும்பும் மலை எது?" என்று ஒரு நாள் கேட்டேன். ஒருவன் எவரெசுட்டு என்றான், மற்றொருவன் கயிலை என்றான், மூன்றாமவன், "உதகமண்டலம், ஆனால் பேருந்தில்," என்றான். அவனுடைய நேர்மையை நான் பாராட்டினேன். ஆனால் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய குன்று ஒன்றின் பெயரை அவர்களில் ஒருவனும் சொல்லவில்லை. "அதெல்லாம் ஒரு மலையா, ஐயா?" என்ற எண்ணமே அவர்கள் முகத்தில் தெரிந்தது.

நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. மலை, குன்று, குன்றம், வரை, பொறை, பறம்பு, கரடு என்று உயரமான நிலத்திற்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! சிறியதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று ஒரு மக்கள் கருதினால், அதனோடு அவர்கள் நெருங்கிப் பழகியிருக்கிறார்கள் என்பதே பொருள். கையில் பொருள் வைத்துக்கொண்டு ஒரு செயலைத் தொடங்குபவனுக்கு உவமை தேடிய வள்ளுவர், பாதுகாப்பான இடத்தில் நின்று யானைகள் பொருவதைக் காண்பவனைக் காட்டினார். அவனை அவர் நிறுத்தியது குன்றின் மேலேதான். அதில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வானை முட்டும் மலையுச்சியில் நின்றால் யானை எறும்பாகிவிடும். எறும்புகளின் போரை யார் வேடிக்கை பார்ப்பார்? குன்றிலிருந்து பார்த்தால் யானை யானையாகவே தெரியும். அதன் கால் மட்டும் நம்மேல் படாது. சிறு குன்றின் சிறப்பு அந்த அளவான உயரத்தில்தான் இருக்கிறது. அது நம்மை உலகத்திலிருந்து பிரிப்பதில்லை. உலகத்தைச் சற்றே தள்ளி வைத்துக் காட்டுகிறது.

சொல்லிக்கொண்டே போவதைவிட, நான் ஏறிய குன்று ஒன்றனைப் பற்றிக் கூறுகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையில், வாலாசாபாத்தை அடுத்துப் பழையசீவரம் என்னும் சிற்றூர் உள்ளது. பாலாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. அவ்வூரில் இலட்சுமி நரசிம்மர் கோயில் கொண்டிருக்கும் குன்றுக்குப் பத்மகிரி என்று பெயர். தைத் திங்களில், மாட்டுப் பொங்கல் கழிந்த சில நாட்களுக்குப் பின், நானும் என் அண்டை வீட்டு முதியவர் ஒருவரும் காலை வண்டியில் அவ்வூருக்குச் சென்றோம். அம்முதியவர் பட்டு நெசவாளர். பத்து வயது முதல் தறியில் அமர்ந்தவர். இரு கண்களும் சற்றுத் தளர்ந்த பின்னரே தறியை மகனிடம் ஒப்படைத்தவர்.

குழித்தறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்துக் கொண்டிருப்பார். கை நாடாவை எறியும். கண் பாவின்மேல் ஒரு சாண் அகலத்தை விட்டு அகலாது. "தம்பி, நான் மிதித்த மிதிக்கு இந்நேரம் இமயமலையையே பலமுறை ஏறி இறங்கியிருப்பேன். ஆனால் இருந்த இடத்தை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை," என்று அவர் வண்டியில் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குன்று உயரமானது அன்று. ஒரு நாழிகைப் பொழுதில் உச்சியை அடைந்துவிடலாம். கயிறு வேண்டா, கோடரி வேண்டா, வழிகாட்டி வேண்டா. தண்ணீர்க் குவளை ஒன்றும், வழுக்காத செருப்பும் போதும். ஆனால் எளிய ஏற்றம் என்பது ஏற்றமே இல்லை என்று பொருள்படாது. முதல் சில நிமிடங்களில் பேச்சு வளர்ந்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றே போயிற்று. மூச்சு வாங்கும்போதுதான் மனிதன் தன் மூச்சை நினைக்கிறான். பாறைகளின் இடுக்கில் காரைச் செடிகளும் சூரை முட்களும் மண்டிக் கிடந்தன. வெயில் காயப் பாறைமேல் ஏறிய ஓணான் ஒன்று எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிற்று. 'வாருங்கள்' என்றதோ 'வேண்டா' என்றதோ, அறியேன். முதியவர் நின்று நின்று வந்தார். நானும் அவருக்காக நிற்பதுபோல நின்று எனக்காக இளைப்பாறினேன். இவ்வாறு பிறரைச் சாக்காக வைத்து இளைப்பாறும் உரிமையைச் சிறு குன்றுகள் எல்லார்க்கும் வழங்குகின்றன.

உச்சியை அடைந்ததும் முதியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு சாண் தொலைவையே வாழ்நாளெல்லாம் உற்றுப் பார்த்த கண்கள் ஒரு காதத் தொலைவைப் பார்க்கப் பழகிக் கொள்வதற்கு நேரம் வேண்டுமன்றோ? கீழே பாலாறு அகன்று கிடந்தது. அதன் படுகையில் நீர் நின்ற இடம் கண்ணாடிபோல் மின்னியது. மற்ற இடமெல்லாம் மணலும் நாணலும். அக்கரையில் திருமுக்கூடல் கோயில் தெரிந்தது. பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கூடும் இடமாதலால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. நிலப்படத்தில் மூன்று கோடுகள் ஒன்றாவதை நாம் விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறோம். கோடுகள் ஆறுகளாகக் கிடப்பதைக் குன்றிலிருந்து பார்த்த பின்பே அதன் பொருள் விளங்குகிறது.

நான் ஆறுகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வேகவதி என்றதும் முதியவர் திரும்பிப் பார்த்தார்.

"நம் ஊர் வேகவதியா? நம் தெருவுக்குப் பின்னால் போகிறதே, அதுவா?"

"ஆம், ஐயா. அதுவேதான்."

"அப்படியானால் நாங்கள் சாயம் அலசிக் கொட்டிய நீரெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்ததா?"

நான் என்ன விடை சொல்வேன்? காஞ்சியின் கழிவுநீரும் சாயநீரும் வேகவதியில் கலப்பது நெடுநாளைய செய்தி. அச்செய்தியை நாளிதழில் நூறு முறை படித்திருக்கிறோம். படித்தபோது நெஞ்சில் தைக்காதது அங்கே நின்றபோது தைத்தது. இப்பகுதியின் ஆற்று மணலில் தோண்டிய கிணறுகளிலிருந்தே தாம்பரம், பல்லாவரம் முதலிய ஊர்களுக்குக் குடிநீர் சென்றிருக்கிறது. நம் தெருவில் கழுவிவிட்டது பிறர் குடத்தை நோக்கிச் செல்கிறது என்பதைத் தெருவில் நின்றால் காண முடியாது. இமயத்தில் நின்றாலும் காண முடியாது. அதற்கு ஏற்ற உயரம் இக்குன்றின் உயரமே.

அக்கரைக் கோயிலைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த நீண்ட கல்வெட்டு ஒன்று திருமுக்கூடல் கோயிலில் உள்ளது. அங்கே நடைபெற்ற கல்விச் சாலையையும், மாணவர் விடுதியையும், ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையையும் அது விரித்துரைக்கிறது. மருத்துவமனையில் 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர். அங்கே இருப்பில் வைத்திருந்த மருந்துகளின் பெயர்களும் அதிலே உள்ளன. மூலிகை கொணரும் அந்த இருவரும் எங்கே சென்று கொணர்ந்திருப்பர்? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. ஆயினும் அக்கரையில் நின்று பார்த்தால் செடி கொடி அடர்ந்த இந்தக் குன்று கண்ணுக்கு நேரே நிற்கும். என் எண்ணம் அவ்வழியே சென்றது. அதற்குமேல் அதனை வற்புறுத்த மாட்டேன்.

ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதரும் இக்குன்றுக்கு வருகிறார். பார்வேட்டை என்பது அவ்விழாவின் பெயர். பல்லக்கில் இரவெல்லாம் ஊர்வழியே நடந்து, 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து, பெருமாளைச் சீர்பாதம் தாங்கிகள் தோளில் சுமந்து வருகின்றனர்; பின்னர்க் குன்றின்மேலும் ஏற்றுகின்றனர். மாலையில் அவர் இறங்கி ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குச் செல்வார். அங்கே அண்டை ஊர்ப் பெருமாள்களும் வந்து கூடுவர். நெசவாளரும் உழவரும் வணிகரும் பிள்ளை குட்டிகளோடு அன்று குன்றேறுகின்றனர். சமய நம்பிக்கை உடையவர்க்கு அது வழிபாடு. மற்றவரும் ஒன்றைக் கவனிக்கலாம்: ஆண்டிற்கு ஒரு முறையேனும் ஊரார் எல்லாரும் கூடி ஒரு மேட்டின்மேல் ஏறித் தம் நாட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று யாரோ நம் முன்னோர் ஏற்பாடு செய்திருக்கின்றனர். மற்ற 364 நாட்கள் நம்முடையவை. அவற்றில் ஒரு நாளைக்கூட நாம் அதற்குத் தருவதில்லை.

சிறு குன்றினால் பெரிய செயல் ஆகாது என்று நினைப்பவர்க்குப் பரங்கிமலையை நினைவூட்டுகிறேன். சென்னை விமான நிலையத்திற்கு அருகே நிற்கும் அந்தக் குன்று ஏறத்தாழ 300 அடி உயரமே உடையது. 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி அதன் அடியிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டினைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கி இந்திய நாடு முழுவதையும் அளந்தனர். அப்பணி வடக்கே வளர்ந்து சென்று, பல ஆண்டுகளுக்குப் பின் இமயத்தின் தலைமைச் சிகரத்தையே அளந்து, அதன் உயரத்தை 1856-இல் உலகிற்கு அறிவித்தது. எவரெசுட்டு என்று சொன்ன அந்தச் சிறுவனுக்கு இதனைச் சொன்னேன். "அப்படியானால் பரங்கிமலைதான் எவரெசுட்டுக்கு முதற்படியா?" என்றான். நன்றாகச் சொன்னான்.

திருக்கழுக்குன்றத்தையும் ஏறியிருக்கிறேன். 560-க்கு மேற்பட்ட படிகள். பத்மகிரியைவிடக் கால்கள் அதிகம் நோகும். பகற்பொழுதில் நாள்தோறும் இரண்டு கழுகுகள் வந்து பூசகர் கையால் உணவு உண்ட காட்சியை என் தலைமுறையினர் பலர் கண்டிருக்கின்றனர். மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தவை அவை. 1990-களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுவிட்டது. அக்காலத்திலேயே நாடெங்கும் பாறுகள் மடிந்து கொண்டிருந்தன. மாடுகளுக்கு இட்ட வலிநீக்கும் மருந்து, அவற்றின் ஊனை உண்ட பறவைகளுக்கு நஞ்சாயிற்று; கால்நடைகளுக்கு அம்மருந்தை இடுதல் 2006-இல் தடை செய்யப்பட்டது. குன்றும் இருக்கிறது, படிகளும் இருக்கின்றன, ஊர்ப்பெயரில் கழுகும் இருக்கிறது. வானத்தில் மட்டும் இல்லை.

அம்மலையில் பல்லவர் காலக் குடைவரை ஒன்று உண்டு. ஒருகல் மண்டபம் என்பர். அதன் சுவரில் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஒல்லாந்தர் தம் பெயர்களைச் செதுக்கி வைத்துள்ளனர். இன்று அறிஞர்கள் அவற்றை ஆவலோடு படிக்கிறார்கள். அதனைக் கேள்வியுற்ற மாணவன் ஒருவன், "நான் எழுதினாலும் முந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பார்கள் அல்லவா?" என்றான். படிக்கலாம். ஆனால் ஒல்லாந்தர் செய்ததும் பிழையே. பிறர் குடைந்த கோயிலில் தம் பெயரைக் குடைவது, விருந்துண்ட வீட்டின் சுவரில் கரியால் கிறுக்குவது போன்றது. பழமையானதனால் பிழை சரியாகிவிடாது.

பெயர் செதுக்குவோர் குன்றின் தோலைக் கீறுகின்றனர். இப்போது குன்றினையே உண்போர் வந்துவிட்டனர். பழையசீவரத்து உச்சியிலிருந்து தெற்கே நோக்கினால் நாட்டுப்புறத்தின் பசுமைக்கிடையே சாம்பல் நிறப் புழுதி எழுவதைக் காணலாம். உத்திரமேரூர், வாலாசாபாத் வட்டாரங்களில் பல குன்றுகளின் பக்கங்கள் கல் வெட்டும் குழிகளாகிவிட்டன. வெடி வைத்துப் பிளந்து, சல்லியாக உடைத்து, சுமையுந்துகளில் ஏற்றிச் சென்னைப் பக்கம் கொண்டு செல்கின்றனர். நான் கண்ட ஒரு குன்று, ஒரு பக்கம் கடித்துவிட்டு எறிந்த கொய்யாப்பழம் போல நின்றது. அதன் அடியில், குன்று இருந்த இடத்தில், ஆழமான பள்ளம். பள்ளத்தில் பச்சை நீர்.

கல்லே வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்பவன் கல்லின்றிக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு சொல்ல வேண்டும். நம் பள்ளியும் பாலமும் புகைவண்டிப் பாதையும் கல்லின்மேல் நிற்பவையே. அவ்வேலையால் பிழைக்கும் குடும்பங்களும் பல. ஆனால் நெல்லை அறுத்தால் மறு பருவத்தில் நெல் விளையும். மரத்தை வெட்டினால் நம் பேரன் காலத்தில் மரம் நிற்கும். குன்று மீண்டும் விளையாது. சென்னை, செங்கற்பட்டுப் பகுதிக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கல்லை ஆராய்ந்த தாமசு ஆலந்து என்னும் நிலவியல் அறிஞர் 1893-இல் இட்ட பெயர் அது. கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் சோப் சார்னோக்கின் கல்லறை இக்கல்லால் ஆனதாதலின் அவர் பெயரையே கல்லுக்கும் வைத்தார். அதன் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். 250 கோடி ஆண்டு நின்றதை இருபது ஆண்டுகளில் சல்லியாக்கிச் சாலையில் பரப்புகிறோம். எந்தக் குன்றை வெட்டலாம், எந்தக் குன்றைத் தொடக் கூடாது என்று முன்னதாகவே வரையறுத்து வைப்பது பெரிய அறிவு வேண்டும் செயலா? இல்லை, அந்தக் குன்றுகளை ஏறிப் பார்த்தவர்கள் ஊரில் இருக்க வேண்டும். அவ்வளவே.

மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி மக்கள் அதனைச் செய்து காட்டினர். சமணப் படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் குடைவரைக் கோயிலும் கொண்ட அவ்வூர்க் குன்றுகளை 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்பெயர் பெற்ற முதல் இடம் அது. 2024-இல் அப்பகுதியில் டங்சுடன் கனிமம் தோண்டும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. சுற்றியுள்ள ஊர் மக்கள் உழவு மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு மதுரை நோக்கி நடந்தனர். 2025 சனவரியில் மைய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. அம்மக்கள் நிலவியல் நூல் படித்தவர்கள் அல்லர். ஆடு மேய்க்கவும் நீர் எடுக்கவும் விழாக் கொண்டாடவும் அக்குன்றுகளின்மேல் ஏறி இறங்கிய கால்களை உடையவர்கள். ஏறாத குன்றுக்காக யாரும் வழக்காடுவதில்லை.

அயர்லாந்து நாட்டில் சிலைகோ என்னும் பகுதியில் நாக்னரே என்ற குன்று உண்டு. 327 மீட்டர் உயரம், எளிய ஏற்றம். அதன் உச்சியில் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மாபெரும் கற்குவை ஒன்று இருக்கிறது. பழங்கதையில் வரும் மேவ் என்னும் அரசியின் சமாதி அது என்பர். குன்றேறுவோர் அடிவாரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சென்று அக்குவையின்மேல் வைப்பது அங்கே பழைய வழக்கம். அங்கிருந்து ஒரு கல்லை எடுத்து வருவது தீவினை என்பது நம்பிக்கை. இப்போது குவையின்மேல் கால் வைக்காதீர்கள் என்று வருவோரைக் கேட்டுக் கொள்கின்றனர். ஏனெனில் அன்பு மிகுந்த கால்களாலும் கல் சரியும். அவர்களும் நம்மைப் போன்ற மனிதரே. அவர்கள் நாட்டிலும் கல்லுடைப்போர் உண்டு. எனினும் குன்றுக்குக் கல் சுமந்து செல்லும் வழக்கத்தை நினைக்கும்போது, நம் சாலையில் புழுதி பறக்கச் செல்லும் சுமையுந்துகள் என் கண்முன் வந்து நாணச் செய்கின்றன.

ஆண்டுதோறும் நம் பள்ளிகள் சுற்றுலா செல்கின்றன. இரவு முழுவதும் பேருந்தில் குலுங்கி, கோடைக்கானலையோ உதகையையோ அடைந்து, ஏரிக்கரையில் நிழற்படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் இரவு மீண்டும் குலுங்கித் திரும்புகிறார்கள். அதற்கான செலவைத் தரமுடியாத மாணவன் வீட்டில் இருந்து விடுகிறான். அச்சுற்றுலாவை நிறுத்துக என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேருந்தில் பாடும் பாட்டுக்காகவேனும் அது இருக்கட்டும். ஆனால் அதற்கு முன், ஊருக்கு அருகிலுள்ள ஒரு குன்றுக்கு வகுப்பு முழுவதும் ஒரு நாள் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. காஞ்சி மாணவர்க்குப் பழையசீவரம் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலக் குடைவரைகளைத் தாங்கி ஏரிக்கரையில் நிற்கும் மாமண்டூர்க் குன்று இருக்கிறது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் முருகன் குன்றும் எட்டாத் தொலைவில் இல்லை. கையில் சோற்றுப் பொட்டலம் போதும். பொட்டலம் கட்டிய இலையையும் தாளையும் திரும்பக் கொண்டுவரும் பை ஒன்றும் வேண்டும். உச்சியில் ஆசிரியர் பாடம் நடத்த வேண்டா. 'உன் வீடு எந்தப் பக்கம்?' என்று மட்டும் கேட்கட்டும். ஒவ்வொருவனும் கையை நீட்டித் தேடுவான். தேடும்போது ஆறும் ஏரியும் சாலையும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் கண்ணில் படும்.

பத்மகிரியிலிருந்து நாங்கள் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. ஏறுவதைவிட இறங்குவதே முதியவருக்குக் கடினமாக இருந்தது. முழங்கால்கள் நடுங்கின, என் தோளைப் பற்றிக் கொண்டார். புகைவண்டி நிலையத்தில் வேப்பமர நிழலில் அமர்ந்து நெடுநேரம் வண்டிக்காகக் காத்திருந்தோம். அவர் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழிருந்து பார்க்கையில் அது மிகச் சிறியதாகத்தான் தெரிந்தது.

"தம்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இதே வண்டி உண்டா?"

"உண்டு, ஐயா. ஏன்?"

"பேரனை அழைத்து வரலாம் என்று பார்க்கிறேன். தறியில் உட்காரப் பழகுகிறான். கால் மரத்துப் போகுமுன் ஒருமுறை ஏறிவிடட்டும்."

அவனுக்கு நல்ல செருப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லை; வாங்க வேண்டும்," என்றார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.